கொக்கு யார் பக்கம்: பாவ்லோவா, ஸ்கின்னரா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து பி.எட். முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். சேற்றுழவின்போது டிராக்டர் சத்தம் கேட்டுக் கொக்குகள் வந்து சேர்வதை, பாவ்லோவின் ஆக்கநிலையிறுத்தத்துக்கு (இரண்டு விஷயம் சேர்ந்தே வருவதால், ஒன்றுக்குக் காட்டும் எதிர்வினையை மற்றதற்கும் காட்டப் பழகுவது) எடுத்துக்காட்டாகத் தேர்வில் எழுதினாராம். ஐந்துக்கு ஒரு மதிப்பெண். "நாய்க்கு மணி, கொக்குக்கு டிராக்டர். இதில் என்ன தப்பு சார்?" என்கிறார். எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே என்பது இரண்டாவது. நாலு தடவை படித்தும் ஹாலில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்து போகிறது, என்ன செய்ய என்பது மூன்றாவது.

கும்பகோணம் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடுத்துக்காட்டு அருமை. வயலைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மதிப்பெண் போட்டவர் செய்ததும் சரிதான். காரணத்தை நிதானமாகப் பார்ப்போம். உளவியலில் முக்கால்வாசிக் குழப்பம் பெயர்களைப் பெயர்களாகவே படிப்பதால் வருகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார், எதையோ அளந்திருக்கிறார். அதைக் கேளுங்கள், பெயர் தானாக வந்து உட்காரும்.

பாவ்லோவ் முதலில் உளவியல்காரரே அல்ல. உடலியங்கியல் ஆள். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக. நாய்க்கு உணவு கொடுத்தால் எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது என்று சொட்டுக் கணக்காக அளந்தவருக்கு ஒரு தொந்தரவு வந்தது. உணவு வாயில் படுவதற்கு முன்பே, உணவு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே எச்சில் ஊறத் தொடங்கியது. அந்தத் தொந்தரவையே பிறகு ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். நம் புத்தகங்களில் எப்போதும் மணிதான் அடிக்கும். அவர் நிறையப் பயன்படுத்தியது தாளம் தட்டும் மெட்ரோனோம். பஸர், விளக்கு எல்லாமும் உண்டு.

இந்தச் சோதனையில் எல்லாரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. நாய் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாரில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். சத்தம் வரும், உணவும் வரும். நாய் காதை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் உணவு வந்துவிடும். எச்சில் சுரந்ததற்குக் கூலியாக உணவு வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலியை வைத்துச் சோதித்த பெட்டி அப்படி இல்லை. எலி நெம்புகோலை அழுத்தினால்தான் உணவு உருண்டை விழும். சும்மா உட்கார்ந்திருந்தால் பட்டினிதான்.

ஆக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பிராணி ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது கிடைத்திருக்குமா? இப்போது உங்கள் கொக்கிடம் வாருங்கள். டிராக்டர் சேறடிக்கிறது. கொக்கு பனைமரத்திலேயே உட்கார்ந்திருந்தால் புழு அதன் வாய்க்கு வருமா? வராது. பறந்து வந்து, சக்கரத்துக்குப் பின்னால் நடந்து, குத்தினால்தான் கிடைக்கும். வந்தது ஒரு செயல், புழு அதன் விளைவு. ஆகவே இது செயல்படு ஆக்கநிலையிறுத்தம், ஸ்கின்னர் பக்கம். டிராக்டர் சத்தம் இங்கே நாய்க்கு மெட்ரோனோம் செய்த வேலையைச் செய்யவில்லை. "இப்போது போனால் கிடைக்கும்" என்ற அறிவிப்பாக மட்டும் நிற்கிறது, கடைத்தெருவில் ஷட்டர் தூக்கும் சத்தம் போல.

அப்படியானால் கொக்கிடம் பாவ்லோவுக்கு வேலையே இல்லையா? இருக்கலாம். சத்தம் கேட்டதும் அதன் வயிற்றுக்குள் செரிமானச் சாறு சுரக்கிறது என்று யாராவது அளந்து காட்டினால், அந்தப் பகுதி பாவ்லோவ் கணக்கில் சேரும். ஒரே காட்சியில் இரண்டும் இருக்கலாம். எதை அளந்தோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உங்கள் விடையில் எழுதியிருந்தால் நானே ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். சத்தத்துக்குத்தான் கொக்கு வருகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? புரளும் சேற்றைப் பார்த்து வரலாம். ஏற்கெனவே இறங்கிவிட்ட வெள்ளைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து வரலாம். வைக்கோல் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும் அதே டிராக்டரின் பின்னால் ஒரு மடையான்கூடப் போவதில்லை, கவனித்திருப்பீர்கள். அதிலிருந்து கொக்கு வேறுபடுத்திப் பார்க்கிறது என்று மட்டும் சொல்லலாம். காதாலா, கண்ணாலா என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு நாள் வயலில் டிராக்டரை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட வேண்டும், இன்னொரு நாள் சத்தமில்லாமல் ஆட்களை வைத்துச் சேற்றைக் கிளற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைப்பது. சோதனை முறை என்று உங்கள் முதல் பாடத்தில் நாலு பக்கத்துக்கு இருப்பது இதுதான்.

பாவ்லோவ் வகைக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் வெட்கத்தோடு. பத்து வயதில் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு கூட்டிப்போனார்கள். பாட்டு எனக்கு ஏறவில்லை. அசோகா ஏறியது. பாசிப்பருப்பை வேகவைத்து நெய்யில் கிளறி, வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள், இலையின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு முறை வாங்கித் தின்றேன். அன்று ராத்திரி காய்ச்சலும் வாந்தியும். காய்ச்சல் வீட்டில் முன்பே அண்ணனுக்கு இருந்தது. அவனிடமிருந்துதான் எனக்கு ஒட்டியது, அசோகா மேல் பழி இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் இன்றுவரை அந்த நெய் வாசனை வந்தால் தொண்டை அடைக்கிறது. திருவையாற்றுக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதனால் பட்ட சங்கடம் தனிக் கதை.

கவனியுங்கள்: நான் ஒன்றும் "செய்து" இதைக் கற்கவில்லை. தெரிந்த காரணம்கூட உதவவில்லை. அதோடு, பாவ்லோவின் நாய்க்குச் சத்தமும் உணவும் பல தடவை அடுத்தடுத்து வர வேண்டியிருந்தது. எனக்கு ஒரே தடவை, அதுவும் சில மணி நேர இடைவெளியில். இது விதிக்குள் அடங்காத விஷயமாக வெகுநாள் இருந்தது. ஜான் கார்சியா எலிகளை வைத்து இதைத்தான் காட்டினார். 1966இல் வெளிவந்த சோதனையில், எலிகள் குடித்த தண்ணீருக்குச் சுவையும் இருந்தது, குடிக்கும்போது வெளிச்சமும் சத்தமும் வந்தன. பிறகு சில எலிகளுக்குக் குமட்டல் வரவழைத்தார்கள், சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி. குமட்டல் வந்தவை சுவையை வெறுத்தன. அதிர்ச்சி வாங்கியவை வெளிச்சத்தையும் சத்தத்தையும் தவிர்த்தன. எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் இணைக்கலாம் என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. வயிற்றுக் கோளாறுக்கு வாயில் போட்டதைச் சந்தேகப்படும்படி உடம்பு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. பி.எட். புத்தகங்கள் பாவ்லோவின் நாயோடு நின்றுவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, இரண்டாவது கேள்வி. எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல. இந்தப் பெயரைத் தமிழில் வைத்தவர்கள் மேலும் குற்றமில்லை, மூலத்திலேயே வழுக்கும் பெயர்தான் அது. "எதிர்மறை" என்றதும் கெட்டது என்று மனம் போய்விடுகிறது. இங்கே அது கணக்கில் வரும் கழித்தல் குறி, அவ்வளவுதான். வலுவூட்டல் என்று வந்துவிட்டாலே அந்த நடத்தை கூடுகிறது என்று பொருள். தண்டனை என்றால் குறைகிறது. ராத்திரி கொசு பிடுங்குகிறது, சுருள் கொளுத்துகிறீர்கள், கொசு விலகுகிறது. மறுநாள் பொழுது சாயும்போதே கை தீப்பெட்டிக்குப் போகிறது. ஏதோ ஒன்று கழிந்தது, நடத்தை கூடியது. அதுதான் எதிர்மறை வலுவூட்டல். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை.

இதைவிட நல்ல காட்சி, நீங்கள் தினம் போகும் தஞ்சாவூர் பாசஞ்சரிலேயே கிடைக்கும். ஜன்னலோரம் ஒரு அம்மா, மடியில் மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளை போன் கேட்கிறது. அம்மா தரவில்லை. அழுகிறது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. எதிர் சீட்டுப் பாட்டி, "குடுத்துடேன் ஆத்தா, பாவம்" என்கிறார். போன் கைக்குப் போகிறது, அழுகை சட்டென்று நிற்கிறது. இப்போது சொல்லுங்கள், இது எந்த வலுவூட்டல்? நான் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் நேர்மறை என்பார்கள், பாதிப் பேர் எதிர்மறை என்பார்கள், சண்டை வரும். இரண்டு பேர் சொல்வதும் சரி. பிள்ளையின் அழுகைக்குப் போன் கிடைத்தது: கூட்டல், அடுத்த முறை அழுகை கூடும், நேர்மறை வலுவூட்டல். அம்மா போனைக் கொடுத்ததும் அழுகை விலகியது: கழித்தல், அடுத்த முறை போன் கொடுப்பது கூடும், எதிர்மறை வலுவூட்டல். யாருடைய நடத்தை என்று முதலில் சொல்லாவிட்டால் இந்தப் பெயர்களுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா உறுதியாக இருக்க முடிவு செய்கிறார் என்று வையுங்கள். இரண்டு நாள் தரவில்லை, மூன்றாம் நாள் மனம் கேட்காமல் தந்துவிட்டார். அங்கேதான் வினை. எப்போதாவது கிடைக்கும் வலுவூட்டல், எப்போதும் கிடைப்பதைவிட நடத்தையை இறுக்கிப் பிடித்துவிடும் என்பது ஸ்கின்னர் கூட்டத்தார் எலியிலும் புறாவிலும் திரும்பத் திரும்பக் கண்டது. டீக்கடை வாசலில் நிற்கும் நாய்க்கு எல்லாரும் பிஸ்கட் போடுவதில்லை, யாரோ ஒருவர் போடுகிறார். அதனால்தான் அது அங்கேயே நிற்கிறது. வலுவூட்டலை ஒரேயடியாக நிறுத்தினாலும் நடத்தை உடனே இறங்காது, முதலில் ஒரு ஏற்றம் வரலாம், அழுகை இன்னும் ஓங்கும். பல அம்மாக்கள் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

தண்டனைக்கும் இதே அளவுகோல்தான். ஆசிரியர் கோபத்தில் செய்தாரா என்பது கணக்கில் வராது, நடத்தை குறைந்ததா என்பது மட்டுமே கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின்பெஞ்சில் பேசிக்கொண்டே இருந்த ஒரு பையனை வெளியே அனுப்புவேன். வெளியே ஒரு வேப்பமரம், நிழலில் சிமெண்டுத் திண்ணை, எதிரே பஸ் ஸ்டாண்ட். ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது, என் வகுப்பு வந்தாலே அவன் முதல் ஐந்து நிமிடத்தில் பேச ஆரம்பிக்கிறான். நான் அவனைத் தண்டிக்கவில்லை. கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜேயை இங்கே இழுக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாட்டிலிருந்து வருகின்றன, அதில் இவர் இல்லாமல் இருக்க மாட்டார். இவரையும் சமையலறையில் படிக்கலாம். இரண்டு டம்ளரில் சமமாகப் பால் ஊற்றி, ஐந்து வயதுக் குழந்தையிடம் "ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள். ஒண்ணுதான் என்று சொல்லும். கண் முன்னாலேயே ஒன்றை டவராவில் ஊற்றிவிட்டு மறுபடியும் கேளுங்கள். என் தங்கை பேத்தி யோசிக்கவே இல்லை, "டவராவுல கம்மி" என்றாள். உயரம் குறைந்ததைப் பார்த்தாள், அகலம் கூடியதைப் பார்க்கவில்லை. அளவு மாறாது என்ற பிடிமானம் ஏழு வயதையொட்டித்தான் வருகிறது என்றார் பியாஜே.

ஆனால் இங்கேயும் செய்தது என்ன என்று பாருங்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார், நடுவில் வேண்டுமென்றே ஊற்றுகிறார். முதல் பதில் தப்பு போலிருக்கிறது, மாற்றிச் சொல்லணும் என்று குழந்தைக்குத் தோன்றாதா? 1974இல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் இதைச் சோதித்தார்கள். பால் அல்ல, வரிசையாக வைத்த வில்லைகள். பெரியவர் கலைக்காமல் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை ஓடிவந்து கலைத்துவிட்டது போல நடித்தார்கள். அப்போது நிறையக் குழந்தைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகவே சொன்னார்கள். பியாஜே தப்பு என்று இதை வைத்து ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். கேட்கும் விதமும் விடையில் கலந்திருக்கிறது என்று வையுங்கள்.

ஃபிராய்டைப் பற்றியும் ஆளுமை வகைகளைப் பற்றியும் இப்போதைக்கு விடுகிறேன். அவற்றில் மனப்பாடம் அதிகம், குழப்பம் குறைவு. காட்சிவழி கற்பவர், கேட்டல்வழி கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பாடம் உங்கள் நோட்ஸில் இருந்தால் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். 2008இல் பாஷ்லரும் இன்னும் மூன்று பேரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள்.

மூன்றாவது, மறதி. முதலில் ஒரு ஆறுதல்: மறப்பது உங்கள் குறை அல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பிராணியாக்கி, அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து பார்த்தார். எவ்வளவு ஞாபகம் என்று கேட்பதற்குப் பதில், அதே வரிசையை மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 இருந்தது. 1885இல் அச்சான கணக்கு இது. முதல் மணி நேரத்தில் மடை திறந்தது போலப் போகிறது, பிறகு கசிவுதான். அவர் படித்தது பொருளற்ற அசை. பொருள் புரிந்து படித்தால் இவ்வளவு வேகமாகப் போகாது. நான் கொக்கையும் டவராவையும் இழுத்துக்கொண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாலு தடவை படித்தேன் என்கிறீர்கள். கண்ணை வரிகள் மேல் நாலு தடவை ஓட்டினீர்களா, அல்லது புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே இருப்பதை வெளியே இழுத்தீர்களா? இரண்டும் வேறு. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை மறுபடியும் படித்தது. இன்னொரு பிரிவு படிக்காமல், நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறதே, அந்தத் தெரிந்த மாதிரிதான் ஏமாற்றுகிறது. பக்கம் பழகிவிட்டது, விடை பழகவில்லை.

தெளிவாக ஞாபகம் இருக்கிறது என்பதையும் நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். பட்டுக்கோட்டை பக்கம் மாமனார் வீட்டில் இருந்தோம். கொல்லைத் தென்னை மாட்டுக்கொட்டகை மேல் விழுந்ததையும், நான் டார்ச்சோடு ஓடிக் கன்றை அவிழ்த்ததையும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடம் மைத்துனர் தன் பழைய போனில் மறுநாள் எடுத்த படங்களைக் காட்டினார். தென்னை விழுந்து கிடப்பது கிணற்றடியில். கொட்டகை நிற்கிறது, கூரை மட்டும் பறந்திருக்கிறது. கன்றை அவிழ்த்தவரும் அவராம். என்னிடம் இன்னமும் டார்ச் வெளிச்சத்தில் கன்றின் கண் மின்னியது அப்படியே இருக்கிறது, என்ன செய்ய? சேலஞ்சர் விண்கலம் 1986இல் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வி. கால்வாசிப் பேருக்கு எந்த விவரமும் பொருந்தவில்லை, உறுதி மட்டும் குறையவில்லை. நினைவு பெட்டியில் பூட்டி வைத்த பத்திரம் அல்ல, எடுக்கும்போதெல்லாம் புதிதாக எழுதப்படுகிறது. சொந்த விடைத்தாளையும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள். "நன்றாகத்தான் எழுதினேன்" என்பதும் ஒரு நினைவுதான்.

செய்ய வேண்டியது இது. நாளைக் காலை நீடாமங்கலத்தில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை மட்டும் எடுங்கள். கோவில்வெண்ணி வருவதற்குள் நாயைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள்: என்ன செய்தார், எதை அளந்தார். அடுத்து எலி. அம்மாப்பேட்டை தாண்டும்போது பாதியில் நிற்கும், நிற்கட்டும், திறக்காதீர்கள். சாலியமங்கலம் வந்த பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போன இடத்தை மட்டும் பார்த்து, வேறு நிற மையில் நிரப்புங்கள். மூன்று நாள் கழித்து அதே தாளைப் புதிதாக. எதிர் சீட்டில் பிள்ளை அழுதால் அதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள், யாருடைய நடத்தை என்று முதலில் எழுதிவிட்டு.